கைக்குழந்தையும் நண்பர்களும்: வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இதுதான்: குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது, மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டார், நீங்கள் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் குழந்தையோடு வீட்டில் இருக்கிறீர்கள். நண்பர்கள் கூப்பிடுவது குறைந்துவிட்டது. மாலையில் மனைவி வந்ததும் வெளியே கிளம்பினால் மனசு உறுத்துகிறது, கிளம்பாமல் இருந்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவது?

இரண்டு குழந்தைகளை இப்படி வீட்டிலிருந்து வளர்த்தவன் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டது போக மிச்சமாகும் நேரத்தில் நண்பர்களைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். மிச்சம் என்று ஒன்று வரவே வராது. வந்தாலும் அந்த நேரத்தில் தூக்கம்தான் வரும். நண்பர்களைக் குழந்தையின் நாளுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். அதையும் இப்போதே ஆரம்பியுங்கள், ஏனென்றால் இன்னும் மூன்று நான்கு மாதத்துக்குத்தான் உங்கள் குழந்தை தூக்கிக்கொண்டு போன இடத்திலெல்லாம் இருக்கும்.

ஏன் இப்போதே என்கிறேன் என்றால், பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962இல் 80 குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரைக் கொண்டு நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஏறிக்கொண்டே போகும் அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்கி, மூன்றாவது மாதம் முடிவதற்குள் நன்றாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பக்கம் பார்த்தால், ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் வேற்று முகத்தைக் கண்டால் வீறிடும் பழக்கம் வரும், தவழ ஆரம்பிக்கும், திட உணவு வந்துவிடும், தூக்கமும் தன் படுக்கையில்தான் என்று பிடிவாதமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மாதங்கள்தான் உங்களுடையவை. இப்போது அது ஒரு நாளில் ஏறக்குறைய 14 மணி நேரமாவது தூங்கும், யார் தூக்கினாலும் போகும், வைத்த இடத்தில் இருக்கும், பால் குடித்துவிட்டால் உலகமே சரி. புது அப்பாக்கள் பலர் இந்த மாதங்களைத்தான் வீட்டுக்குள் அடைந்து கழித்துவிட்டு, குழந்தை ஓட ஆரம்பித்தபின் வெளியே வரப் பார்க்கிறார்கள். அப்போது அது நிஜமாகவே கஷ்டம்.

சரி, எங்கே போவது, எப்படிப் போவது? என் அனுபவத்தில் ஒரு நண்பரோடு நடப்பதைப் போல எதுவும் இல்லை. குழந்தை மார்போடு கட்டிய கேரியரிலோ தள்ளுவண்டியிலோ இருக்கும், அசைவில் தூங்கிவிடும், நீங்கள் இருவரும் ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசலாம். ஆண்களுக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் பள்ளி முடித்து ஊர் மாறிப்போன இளைஞர்களின் நட்பு என்ன ஆகிறது என்று தொடர்ந்து கவனித்து 2015இல் எழுதினார்கள்: பெண்களின் நட்பைப் பேச்சு பிடித்துவைத்தது, ஆண்களின் நட்பைப் பெரும்பாலும் சேர்ந்து ஏதாவது செய்வதுதான் பிடித்துவைத்தது. உங்கள் நண்பர்களிடமிருந்து போன் வருவது குறைந்ததற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு உங்கள் மேல் அக்கறை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சேர்ந்து செய்துகொண்டிருந்த காரியம் நின்றுபோயிற்று, அதற்குப் பதிலாக இன்னொன்றை யாரும் வைக்கவில்லை. நீங்கள்தான் வைக்க வேண்டும். நடை, கடைக்குப் போவது, வண்டியைக் கழுவுவது, ஒரு அலமாரியைப் பொருத்துவது, டிவியில் ஒரு ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்பது, எதுவானாலும் சரி.

கேரியரில் தூக்கிக்கொண்டு போகும்போது குழந்தையின் முகம் உங்களுக்கு எப்போதும் தெரிய வேண்டும், தாடை மார்பில் அழுந்தி இருக்கக் கூடாது, துணி மூக்கை மூடக் கூடாது, நீங்கள் தலையைக் குனிந்தால் அதன் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். கார் சீட்டில் பயணத்தின்போது தூங்கினால் பரவாயில்லை, ஆனால் போய்ச் சேர்ந்தபின் அதிலேயே தூங்க விட்டுவிட்டு அரட்டையில் உட்காராதீர்கள். தலை முன்னால் சரிந்து மூச்சுக்குழாய் மடங்கும் ஆபத்து உண்டு. தட்டையான, கெட்டியான இடத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கும் இரைச்சலான இடம் வேண்டாம். யாராவது புகைக்கும் அறை கட்டாயம் வேண்டாம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் அன்றைக்கு வர வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், கை கழுவிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள், முகத்தில் முத்தமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரியவர் உதட்டில் வரும் சாதாரணக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். கக்குவான் இருமலும் தடுப்பூசித் தவணைகள் முடியாத குழந்தைகளைத்தான் மோசமாகத் தாக்கும். நல்ல நண்பர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, என்ன செய்யலாம், என்ன கூடாது என்று தெரிந்தால் அவர்களுக்கே நிம்மதி.

கிளம்பும் நேரமும் முக்கியம். பால் குடித்து, ஏப்பம் விட்டு, டயப்பர் மாற்றிய உடனே கிளம்பினால் முதல் ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் உங்கள் கையில். பையைக் கிளம்பும் நேரத்தில் அடுக்காதீர்கள், திரும்பி வந்தவுடனேயே நிரப்பி வாசலருகில் வைத்துவிடுங்கள். போகுமுன்பே "இத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவேன்" என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள், குழந்தை அமைதியாக இருந்தாலும் அந்த நேரத்தில் கிளம்புங்கள். நன்றாக இருக்கும்போதே முடித்துக்கொண்டு வந்தால் அடுத்த முறை போக மனசு வரும்.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "எப்போ வேண்டுமானாலும் வீட்டுக்கு வா" என்ற அழைப்பில் யாரும் வருவதில்லை. குழந்தை தூங்குமோ, தொந்தரவாக இருக்குமோ என்று அவர்களும் தயங்கித் தயங்கி, கடைசியில் கூப்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள். இப்படி எழுதுங்கள்: "வியாழக்கிழமை பத்து மணிக்கு நடக்கப் போறேன், குழந்தையும் வருவா, ஒரு மணி நேரம், நீயும் வாயேன்." நாள், நேரம், எவ்வளவு நேரம், என்ன செய்யப் போகிறோம், நான்கும் அதில் இருக்கிறது. இதையே வாராவாரம் அதே நாளில் வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேசி முடிவுசெய்யும் வேலை இல்லை. ஒரு வாரம் நண்பர் வராவிட்டாலும் நீங்கள் போங்கள். ஒரு வாரம் உங்களால் முடியாவிட்டால் ஒற்றை வரியில் சொல்லிவிடுங்கள், நீளமான விளக்கமும் மன்னிப்பும் தேவையில்லை.

பகலில் வேலைக்குப் போகும் நண்பர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும் வர மாட்டார்கள். ஆனால் ஷிப்டில் வேலை செய்பவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர், ஓய்வு பெற்ற மாமா, சித்தப்பா என்று பகலில் கிடைக்கும் ஆட்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மற்றவர்களுக்கு அவர்களுடைய மதிய இடைவேளை இருக்கிறது. தள்ளுவண்டியோடு அவர்கள் அலுவலகத்தின் பக்கம் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வரலாம். அதுவும் இயலாதவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு கையில் புட்டி இருக்கும், எதிரே ஆள் இருந்தால்தான் பேச முடியும் என்றில்லை. அவர் தன் நேரத்தில் கேட்டு, தன் நேரத்தில் பதில் சொல்வார்.

வீட்டுக்கு வரும் நண்பருக்காக வீட்டைத் துடைத்து அடுக்கி, விருந்து தயார் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அவர் வருவதே உங்களுக்கு ஒரு வேலையாகிவிடும். வந்தவர் கையில் குழந்தையைக் கொடுங்கள். பயந்தால் உட்காரவைத்து, தலையைத் தாங்கும் விதத்தைக் காட்டி, மடியில் வையுங்கள். பத்து நிமிடம் குழந்தையைத் தூக்கிய நண்பர் அடுத்த முறை வரும்போது குழந்தையைப் பார்க்கவும் வருகிறார். குழந்தை பெறாத நண்பர்களை நாமாகவே ஒதுக்கிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது, "அவனுக்கு இதெல்லாம் புரியாது" என்று. புரிய வேண்டியதே இல்லை. உங்களுக்கும் தூக்கம், பால், மலம் இவற்றைத் தவிர வேறு எதையாவது பேசும் ஓர் ஆள் வேண்டும். அவர் வேலையைப் பற்றி, காதலைப் பற்றி, அவர் அம்மாவின் உடல்நிலையைப் பற்றிக் கேளுங்கள். அவருடைய வாழ்க்கையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது மனைவி விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த உறுத்தல்தான். "அவள் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறாள், நான் எப்படி வெளியே போவது" என்று எழுதியிருந்தீர்கள். நீங்களும் நாள் முழுக்க உழைத்திருக்கிறீர்கள். பகல் நேரம் இருவருக்கும் வேலை நேரம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இருக்கும் மாலையையும் இரவையும் வார இறுதியையும் இருவரும் பங்கிட வேண்டும். பங்கிடும்போது ஒரே ஒரு அளவைப் பாருங்கள்: குழந்தையின் பொறுப்பு தன்மேல் இல்லாத நேரம் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா? இருந்தால் நீங்கள் வெளியே போவது யாரிடமிருந்தும் பறித்துக்கொண்ட நேரமாகாது. அதனால் வாரத்தில் ஒரு மாலை உங்களுக்கு, ஒரு மாலை அவருக்கு, அதை முன்கூட்டியே காலண்டரில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் "போகட்டுமா" என்று கேட்பது கேட்கிறவரையும் சிறுமைப்படுத்துகிறது, அனுமதி கொடுக்க வேண்டியவரையும் சங்கடப்படுத்துகிறது. அவருடைய மாலையை அவர் எடுத்துக்கொள்ளாமல் விட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பிய புது அம்மாக்கள் பகலெல்லாம் குழந்தையைப் பிரிந்திருந்தோமே என்ற ஏக்கத்தில் தங்கள் நட்புகளை உங்களைவிட வேகமாக இழந்துவிடுவது உண்டு.

அவர் கதவைத் திறந்த நொடியில் குழந்தையைக் கையில் திணித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அரை மணி நேரம் மூவரும் சேர்ந்து இருங்கள். குழந்தை கடைசியாக எப்போது குடித்தது, எப்போது தூங்கி எழுந்தது, இன்று புதிதாக என்ன என்று சொல்லுங்கள். அதன்பின் கிளம்பிவிடுங்கள். போனில் கூப்பிட்டு இதைச் செய், அதைச் செய் என்று சொல்லாதீர்கள். பகலெல்லாம் நீங்கள் பார்ப்பதால் உங்கள் முறைதான் சரி என்ற எண்ணம் தன்னையறியாமல் வந்துவிடும். அவருக்கென்று ஒரு முறை உருவாக இடம் கொடுத்தால்தான் நீங்கள் நிம்மதியாக வெளியே இருக்க முடியும். உங்கள் இருவரையும் தவிர இன்னொருவரிடம், தாத்தா பாட்டியோ நெருங்கிய நண்பரோ, குழந்தையை ஓரிரு மணி நேரம் விடும் பழக்கத்தையும் இந்த மாதங்களிலேயே ஆரம்பித்துவிடுங்கள், இருவரும் சேர்ந்து வெளியே போக அதுதான் வழி. பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரமும் ஃப்ரிட்ஜில் 4 நாளும் இருக்கும். குழந்தை வாய் வைத்துக் குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். வெயில் கொளுத்தும் அறையாக இருந்தால் வெளியே வைக்கவே வைக்காதீர்கள்.

முதல் சில முறை வெளியே போகும்போது ஒன்று நடக்கும். நண்பர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், உங்கள் காது வீட்டில் இருக்கும். பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை முனகினால்கூடத் திரும்பிப் பார்ப்பீர்கள். இதைக் கண்டு பயப்படாதீர்கள், மூளை அப்படி மாறியிருக்கிறது. இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தில் ரூத் ஃபெல்ட்மேன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையைத் தாங்களே முதன்மையாகப் பார்த்துக்கொண்ட அப்பாக்களின் மூளையில், ஆபத்துக்கு விழித்திருக்கும் பகுதியான அமிக்டலா அம்மாக்களுடையதைப் போலவே தீவிரமாக வேலை செய்ததைக் கண்டார்கள். உதவி செய்யும் நிலையில் இருந்த அப்பாக்களிடம் அது அந்த அளவுக்கு இல்லை. அதாவது, நீங்கள் பார்த்துவரும் வேலை உங்களை அப்படி ஆக்கியிருக்கிறது. ஆனால் அந்த விழிப்புக்கும் நடுவில் ஓய்வு வேண்டும், அதற்காகத்தான் முதல் தடவை ஒரு மணி நேரம் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்கிறேன். அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

வெளியே போய்க் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒன்றை மாற்றமில்லாத விதியாக வையுங்கள்: குடித்த இரவில் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாயவே கூடாது. அசந்து தூங்கும் பெரியவருக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை மூச்சுத் திணறி இறப்பது இப்படித்தான் நடக்கிறது. களைப்பு மட்டும் இருந்தாலும் சோபா ஆபத்துதான். அன்றைய இரவுப் பொறுப்பு முழுவதும் மற்றவருடையது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

புது நட்புகளும் வேண்டும், குறிப்பாகப் பகல் நேரத்தில் குழந்தையோடு இருக்கும் இன்னொருவர். பூங்கா, நூலகம், தடுப்பூசி போடும் இடம், குழந்தைகளுக்கான பாட்டு விளையாட்டுக் கூட்டம், எங்கே போனாலும் அம்மாக்களே அதிகம் இருப்பார்கள், நீங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு ஒரு கணம் நிற்கலாம், "அம்மா எங்கே?" என்று யாராவது கேட்கலாம். "வேலைக்குப் போயிருக்கா, பகலில் நான்தான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் குழந்தையின் வயதைக் கேளுங்கள், பேச்சு தானாக நகரும். ஒரு தடவை போய்விட்டு ஒட்டவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வுப்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒரே இடம், ஒரே நேரம், திரும்பத் திரும்பப் போனால்தான் அது சேரும். இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: உங்கள் பழைய நண்பர்களிடம் அந்த மணி நேரங்கள் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றன, ஆகவே அவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

"இன்னும் வேலை தேடலையா", "வீட்டில் சும்மாதான் இருக்கே" என்பவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், விவாதம் செய்யாதீர்கள். திரும்பத் திரும்ப அதையே சொல்பவரைச் சில மாதம் பார்க்காமல் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. உங்களிடம் இருக்கும் சொற்ப நேரத்தை அவருக்குத் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தபின் வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். ஜேம்ஸ் பால்சனும் ஷார்னெய்ல் பேஸ்மோரும் 2010இல் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பத்தில் ஓர் அப்பாவுக்கு இது இருந்தது, அதிலும் குழந்தைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும் காலத்தில் அதிகம். நீங்கள் அந்தக் காலத்துக்குள் இருக்கிறீர்கள். ஆண்களிடம் இது பல நேரம் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், சின்ன விஷயத்துக்குக் கோபம், யாரையும் பார்க்கப் பிடிக்காமை, குடி கூடுவது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை என்று வரும். நண்பர்களைப் பார்க்க நேரமில்லை என்பது வேறு, பார்க்க வாய்ப்பிருந்தும் மனசு வரவில்லை என்பது வேறு. இரண்டாவது வகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது, அம்மாக்களுக்காகச் செய்தது, அப்பாக்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். மருத்துவரிடம் அதைக் கேட்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். அழுகை நிற்கவே இல்லை, கை நடுங்குகிறது, குலுக்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றால், குழந்தையை அதன் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அறைக்கு வெளியே வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். அந்த ஐந்து நிமிடத்தில் கூப்பிடக்கூடிய இரண்டு பேர் யார் என்று இன்றைக்கே முடிவுசெய்து, அவர்களிடம் சொல்லியும் வையுங்கள்.

குழந்தை பகலில் தூங்கும் நேரத்தில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். குழந்தை தூங்கும்போதெல்லாம் பாத்திரமும் துணியும் என்று ஓடினால் நாளில் உங்களுக்கென்று எதுவும் இருக்காது. இரவு சரியாகத் தூங்காத நாளில் முதல் பகல் தூக்கத்தில் நீங்களும் படுங்கள். மற்ற நாளில் அதில் ஒன்றை மட்டும் வேலைக்கு வைத்துவிட்டு, ஒன்றை ஒரு மனிதரோடு பேசுவதற்கு என்று ஒதுக்குங்கள். சுமார் ஆறு மாதத்தில் பகல் தூக்கம் இரண்டு மூன்றாகக் குறையும், ஒன்றேகால் ஒன்றரை வயதுக்குள் மதியம் ஒன்றே ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறை அது மாறும்போதும் நடக்கும் நேரம், நண்பர்கள் வரும் நேரம், நீங்களும் மனைவியும் பங்கிட்ட மாலைகள் எல்லாம் இடிக்கும். இடிக்க ஆரம்பித்த வாரத்திலேயே இருவரும் உட்கார்ந்து காலண்டரைத் திருத்தி எழுதி, புது நேரத்தை நண்பர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.